ஒட்டுத் தகரம்

செம்பில் களிம்பு செம்போடு கூடவே இருப்பது என்பது சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்குச் சொல்லப்படும் உவமை. இரும்பின் துருவுக்கு இது பொருந்தாது. துரு இரும்பு புறப்பட்டு வந்த இடம். மண்ணில் கனிமமாகக் கிடந்தபோது இரும்பு ஆக்ஸிஜனோடு கலந்தே கிடந்தது. உலையில் கரியை எரித்து அதைப் பலவந்தமாகப் பிரித்து எடுத்தோம், தகடாக உருட்டினோம், தகட்டை அழுத்தி வண்டி செய்தோம். தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்ததும் அது பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்குகிறது. துருவை நோய் என்பதைவிட ஊர் திரும்புதல் என்று சொல்வது பொருத்தம்.

இதை வேதாந்தமாகச் சொல்லவில்லை. 1987இல் அப்பா வாங்கிய சேத்தக் ஸ்கூட்டரின் தளத்தை வெட்டி ஒட்டுப்போட வேண்டிய காரியம் எனக்கு வந்தது. அதைக் குறைந்த செலவில் செய்யவேண்டியிருந்தது. குறைந்த செலவு என்பதே ஒரு விமர்சன நிலை என்று அப்போது எனக்குப் பட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டி எறிவது, எதை எதனால் மூடுவது என்ற கேள்விகள் பணம் உள்ளவனுக்கு எழுவதில்லை. அவன் முழுத் தளத்தையும் மாற்றிவிடுவான். அல்லது வண்டியையே மாற்றிவிடுவான்.

வண்டியின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். லாம்பிரெட்டாவுக்கும் பிறகு லக்னோவில் செய்யப்பட்ட விஜய் சூப்பருக்கும் உள்ளே குழாய்ச் சட்டம் உண்டு. கால் வைக்கும் தகடு அதன்மேல் பூட்டப்பட்டது. துருப்பிடித்தால் கழற்றி வேறு போடலாம். வெஸ்பாவின் வழி வேறு. 1946இல் அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். ஹெலிகாப்டர் செய்து பார்த்தவர். அவர் சட்டத்தை நீக்கிவிட்டு, அழுத்திய தகட்டையே உடம்பாகவும் எலும்பாகவும் ஆக்கினார். 1972இல் வந்த சேத்தக்கும் அந்த வம்சம். இதில் தளம் அலங்காரம் இல்லை. முன்பக்கத்தின் கவசத்தையும் பின்பக்கத்தின் எஞ்சினையும் இருக்கையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருப்பது நடுவில் ஓடும் முதுகெலும்பு போன்ற மேடும் அதன் இரு பக்கத்துத் தளமும்தான். பின்சக்கரத்தின் பிரேக் பெடல் பூட்டப்பட்டிருப்பதும் இந்தத் தளத்தில்தான். தோலே எலும்பாக இருக்கிற வண்டியில் தோலில் விழும் ஓட்டையைச் சில்லறை விஷயமாக நினைக்க முடியாது.

துரு மேலே தெரிந்த இடத்தில் அதிகமாக இல்லை. ரப்பர் மேட்டை உரித்தபோதுதான் இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. 1920களில் கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் ஓர் எளிய சோதனை செய்தார். இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புத் தண்ணீர். துளியின் விளிம்பில் காற்று தாராளம். நடுவில் காற்று குறைவு. அரிப்பு காற்று மிகுந்த விளிம்பில் நடக்கவில்லை. காற்று எட்டாத நடுவில்தான் இரும்பு கரைந்தது. துரு இரண்டுக்கும் இடையில் வளையமாகப் படிந்தது. துளி ஒரு சிறிய மின்கலமாக இயங்குகிறது: வசதியாக இருக்கும் இடம், வசதியில்லாத இடத்தைத் தின்கிறது. மேட்டுக்கு அடியில், இரண்டு தகடு சேரும் மடிப்பில், ஸ்டாண்டு பூட்டும் குறுக்குப் பெட்டிக்குள், சேறு அடைந்த மூலையில் துரு ஆழமாக இறங்குவது இதனால்தான். காப்பதற்காகப் போட்ட மேட்டே ஈரத்தை முப்பது வருஷம் காத்துக்கொண்டிருந்தது. திருவல்லிக்கேணியின் கடற்காற்று உப்பைக் கொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. மீதியை அது முடித்தது.

மேட்டை எடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரின் முனையால் குத்திப் பார்த்தேன். இடதுபக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு முனை தடையில்லாமல் இறங்கியது. வலதுபக்கம் பிரேக் பெடலைச் சுற்றிலும் தகடு அப்பளம் போல் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் மடிப்புகளைப் பிளந்துகொண்டு வீங்குகிறது. பெடலுக்குப் பின்னால் ஓரிடம் மட்டும் திடமாக, வழவழப்பாக இருந்தது. சந்தேகப்பட்டு அதைச் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் கசக்கித் திணித்த காகிதம். ஏதோ ஒரு பட்டறையில், அப்பா காலத்தில், ஓட்டையில் காகிதத்தை அடைத்து மேலே பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தைப் பிரித்தேன். ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதைப் பக்கம். கதாநாயகி கண் கலங்கிக்கொண்டிருந்தாள். வாரப் பத்திரிகைக் கதைகளைப் பற்றி நம் பக்கங்களில் எத்தனையோ எழுதியாயிற்று. அவை ஓட்டையை அடைக்கவும் போதாதவை என்பதற்கு ஸ்தூலமான சாட்சியம் கையில் கிடைத்தது அப்போதுதான்.

வண்டியை எனக்காகச் சரிசெய்யவில்லை. அண்ணன் மகள் கல்லூரிக்கு அதை ஓட்டிப் போகவேண்டும் என்றாள். கைப்பிடியைத் திருகி கியர் மாற்றுவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "இதுல கால் வைக்கிற எடத்துல ரோடு தெரியுது சித்தப்பா" என்று சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வேறு பார்க்கலாம் என்றார். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த இருசக்கர வண்டிக்கு 2025இல் 2,000 ஆயிற்று. பழையதை வைத்துக்கொள்வதற்கு அரசாங்கம் விதிக்கும் தண்டம் இது என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் தவறில்லை. சிறுவயதில் நான் அதே தளத்தில் அப்பாவின் கைகளுக்கு நடுவே நின்று பீச் ரோடில் போயிருக்கிறேன் என்பது வண்டியை வைத்துக்கொள்ள எனக்குக் காரணமாகலாம். இருபது வயதுப் பெண் அவசரத்தில் அழுத்தும் பிரேக்குக்கு அது பதிலாகாது.

முதலில் பார்த்த பட்டறையில் 1,500 ரூபாய்க்குப் பட்டி போட்டுப் புதுசாக்கித் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த இடத்தில் முழுத் தளத்தையும் அறுத்துப் புதுத் தளம் வைக்க 9,000 கேட்டார்கள். வண்டியை விற்றால் அவ்வளவு கிடைக்குமா என்பது சந்தேகம். மூன்றாவதாக ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் டிங்கரிங் வேலை செய்யும் ஒரு பாயிடம் போனேன். எழுபதை நெருங்கியவர். வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, சிறிய சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்று சொல்லும். செத்த தகடு சொத்தென்று சொல்லும். சாக்பீஸால் எல்லை போட்டார். எல்லை நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"பட்டி போட முடியாதா பாய்?" என்று கேட்டேன், பதிலை அவர் வாயால் கேட்பதற்காக.

"போடலாம் சார். பத்து நாள் அழகா இருக்கும். பாப்பா பிரேக்க மிதிச்சா பட்டியா தாங்கும்?"

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இம்மாதிரி விஷயங்கள் எழுதிவைக்கப்படுவதில்லை, தெரிந்தவர்களோடு போய்விடுகின்றன.

பெட்ரோல் டாங்கை முதலில் கழற்றி வேறிடத்தில் வைத்தாயிற்று. நெருப்பு வேலைக்கு இது முதல் நிபந்தனை. வெட்டுவதற்கு முன்னால் முன்கவசத்துக்கும் பின்உடம்புக்கும் நடுவே ஓர் இரும்புக் கோணத்தைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். இல்லாவிட்டால் தளத்தை வெட்டியதும் உடம்பு தொய்ந்து, பிறகு சக்கரங்கள் நேர்க்கோட்டில் நிற்காது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவில்லை. ஒரு பக்கத்தை வெட்டி மூடிய பிறகுதான் மறுபக்கம்.

வெட்டு, சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே, நல்ல தகட்டுக்குள் விரற்கடை தள்ளி விழுந்தது. இது கஞ்சத்தனம் கூடாத இடம். துருவேறிய விளிம்பில் வெல்டிங் பிடிக்காது. சுடர் பட்டதும் விளிம்பு எரிந்து ஓட்டை பெரிதாகும். நல்லதிலும் கொஞ்சம் இழக்கத் துணிந்தவனுக்குத்தான் ஒட்டு நிற்கும்.

ஒட்டுக்குத் தகடு கடையில் வாங்கவில்லை. பட்டறை மூலையில் மசகு எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம் ஒன்று கிடந்தது. அதன் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். அதை வெட்டிரும்பாலும் கத்தரியாலும் குளிர்ந்த நிலையிலேயே வெட்டினார். உள்ளே என்ன மிச்சம் இருக்கிறதோ, டிரம்மில் நெருப்புக் காட்டக்கூடாது. நான் வீட்டுக் கூரைக்குப் போட்டு மிஞ்சிய தகடு கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். அதில் துத்தநாகப் பூச்சு உண்டு. பற்றவைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல். அவருக்கு இது வேதியியலாகத் தெரியாது, காய்ச்சலாகத் தெரியும்.

பற்றவைப்பதை ஒரே கோடாக இழுக்கவில்லை. நான்கு மூலையிலும் நான்கு புள்ளி, பிறகு எதிரெதிரே ஒவ்வொரு புள்ளி, நடுவில் ஈரத்துணி. மெல்லிய தகட்டில் சூடு ஓரிடத்தில் தங்கினால் தகடு முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு அவர் காத்திருந்த நேரம் வேலை நேரத்தைவிட அதிகம். பெடல் வரும் இடத்தில் அடியில் இன்னொரு சிறு தகட்டை வைத்து இரட்டிப்பாக்கினார். கடைசியில் தையல் தெரியாதபடி அரத்தால் ராவட்டுமா என்று கேட்டார். ராவினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். சேர்ப்பின் கனமும் குறையும். வேண்டாம் என்றேன்.

ஓட்டை விழாமல் மேல்துரு மட்டும் இருந்த பகுதிகளை நான் வீட்டில் பார்த்துக்கொண்டேன். கம்பி பிரஷ், உப்புத்தாள், பொறுமை. உதிர்வது எல்லாம் உதிர்ந்த பிறகும் பள்ளங்களில் ஒரு கருஞ்சிவப்புப் படலம் தங்கும். பட்டறைகளில் இதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் தடவுவார்கள். துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறி அடங்கும். தில்லி மெஹ்ரௌலியில் குப்தர் கால இரும்புத் தூண் 1,600 ஆண்டாக நிற்பதற்கும் அதன் இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் ஒரு முக்கியக் காரணம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தத் தூணிலும் துரு உண்டு. ஆனால் அது மெல்லிய படலமாக நின்று, கீழிருக்கும் இரும்பைக் காக்கிறது.

நான் அமிலம் வாங்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கினேன். கொட்டை நீக்கி இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு வடிகட்டினேன். கடுக்காயில் துவர்ப்பாக இருப்பது டானின். துருவின்மேல் அதைப் பிரஷால் தடவிச் சற்று நேரத்தில் சிவப்பு போய் நீலம் கலந்த கறுப்பு வரும். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களுக்கு டானிக் அமிலம் பூசுவது இதே காரணத்துக்காகத்தான். இரண்டு தடவை தடவி, நன்றாக உலரவிட்டேன்.

கழற்றிய நட்டு, போல்ட், ஸ்டாண்டு ஸ்பிரிங் எல்லாவற்றையும் கெட்டுப்போன வெல்லம் கரைத்த தண்ணீரில் மூன்று வாரம் போட்டுவைத்தேன். நாற்றம் தாங்கவில்லை, ஆனால் துரு விட்டுவிட்டது. அவசரக்காரர்கள் சலவைச் சோடாத் தண்ணீரில் பொருளைத் தொங்கவிட்டு, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பொருளிலும் நேர்முனையை ஒரு வீண் இரும்பிலும் கொடுப்பார்கள். ஒரே நாளில் காரியம் முடியும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்யவேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் வைக்கக்கூடாது; அதிலிருந்து குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும்.

கடுக்காய்ச் சாறு கறுத்ததைப் பார்த்தபோது, இது எனக்குத் தெரிந்த கறுப்பு என்று தோன்றியது. நம் பழைய எழுத்து மையே இதுதான். கடுக்காயும் அன்னபேதியும். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கலம்காரித் துணியின் கறுப்பும் இதுவே: துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, கடுக்காயில் தோய்த்த துணியின்மேல் அதனால் கோடு இழுத்தால் கறுப்பு எழும். துணிக்காரருக்குத் துரு மூலப்பொருள். என் வீட்டுக் கொல்லையில் ஒரு வாளியில் வெல்லத் தண்ணீரும் இன்னொன்றில் கடுக்காய்ச் சாறும் இருந்தன. இரண்டையும் கலந்திருந்தால் ஒரு கவிதைத் தொகுதிக்குப் போதுமான மை கிடைத்திருக்கும். வண்டிக்குத்தான் அதைவிட அவசரம்.

பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு பூச்சு. இந்தச் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான்; காவிக்கல்லின் நிறம். இதற்குமேல் மாற எதுவும் இல்லாத நிலைக்குப் போய்விட்ட இரும்பைப் பொடியாக்கி, இன்னும் மாறாத இரும்பின்மேல் பூசுகிறோம். மேலே பெயிண்ட். குறுக்குப் பெட்டிக்குள் மெழுகையும் எண்ணெயையும் சேர்த்து உருக்கி ஊற்றி, அடைந்துகிடந்த வடிகால் துளைகளை ஆணியால் குத்தித் திறந்தேன். அடிப்பக்கம் தார் பூசச் சொன்னார்கள் சிலர். தார் வெடித்தால் விரிசலுக்குள் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே கறுப்பாகவும் கௌரவமாகவும் இருக்க, உள்ளே வேலை நடக்கும். வேண்டாமென்று விட்டேன். மொத்தச் செலவு, பாயின் கூலி உட்பட, 2,600 ரூபாய்.

பட்டிக்கும் ஒட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. கிடைக்கவில்லை, எண் மட்டும் நிற்கிறது. வேறு பல பாட்டுகளில் ஏடு சிதைந்த இடங்கள் வெற்றிடமாகவே விடப்பட்டிருக்கின்றன. யாப்பு தெரிந்த புலவருக்கு அந்த இடங்களை நிரப்புவது பெரிய காரியமா? அவர் நிரப்பவில்லை. பட்டி பூசவில்லை என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. கோயில் திருப்பணியில் இதற்கு எதிரான காரியம் நடந்திருக்கிறது. அழுக்கு நீக்குவதாகச் சொல்லி மணல் வீச்சு அடித்து, சிற்பங்களின் மூக்கும் முழியும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கிப்போயின. துருவோடு தகட்டையும் சேர்த்து எடுத்துவிடுவது அது.

ஆனால் ஏட்டுக்குச் சொன்னதை வண்டிக்குச் சொல்லமுடியாது. வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டால் பாட்டு குறைப்பட்டாலும் நேர்மையாக நிற்கும். தளத்தில் விட்டால் கால் ரோட்டில் விழும். உபயோகத்தில் இருக்கும் பொருளை நிரப்பித்தான் ஆகவேண்டும். கேள்வி, நிரப்பியது பாரம் தாங்குமா என்பது மட்டுமே. பட்டி கண்ணுக்காகச் செய்வது. கண்ணைத் தவிர வேறெதையும் அது தாங்காது. ஒட்டு காலுக்காகச் செய்வது. கண்ணுக்கு அது ஒட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. மரபைச் செப்பனிடுவதாகச் சொல்லிக்கொண்டு நம்மிடையே நடக்கும் காரியங்களில் எத்தனை பட்டி, எத்தனை ஒட்டு என்று ஒவ்வொருவரும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பழசின்மீது அபிமானம் இருப்பது போதாது. அதன்மேல் ஒருவர் கால்வைத்து அழுத்தப்போகிறார் என்ற நினைப்பு வேண்டும்.

இன்னொன்று. சரிசெய்தாயிற்று என்று ஒரு நாளும் சொல்லமுடியாது. பாம்பன் கடலில் 1914இல் திறந்த ரயில் பாலத்தின் காற்று, உலகிலேயே அரிப்பு மிகுந்த காற்றுகளில் ஒன்றென்று சொல்வார்கள்; மியாமிக்கு அடுத்தது என்பார்கள். பாலம் நூறு ஆண்டுக்கு மேல் நின்றது யாரோ சிலர் சுரண்டிச் சுரண்டி, பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததால். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தார்கள். அதற்கும் அன்றிலிருந்தே துரு தொடங்கியிருக்கும், பெயிண்டும் தொடங்கியிருக்கும்.

பாயின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். இப்போது வரும் வண்டிகளில் பாதி பிளாஸ்டிக், உடைந்தால் மாற்றவேண்டியதுதான், தட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று பாயே சொன்னார். சேத்தக் என்ற பெயரே 2020 முதல் மின்சார வண்டியின் பெயர். அவர் கையில் இருக்கும் சுத்தியலின் ஓசையைக் கேட்டு நல்லது கெட்டது பிரிக்கும் அறிவை எந்தப் பட்டறையில் எடுத்துவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தில் இவ்வளவுதான் வருகிறது.

அண்ணன் மகள் வண்டியை ஓட்டுகிறாள். புது மேட் வாங்கிப் போடட்டுமா என்று கேட்டாள். தையல் தெரிந்தால் தெரியட்டும், மேட் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் மழை விட்டதும் வடிகால் துளைகளைக் குத்திவிட்டு, அடியில் ஒருமுறை தட்டிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். சுத்தியலை எங்கே வைப்பது என்று கேட்டாள். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.